சுவரின் தாய்மாமன்

கோவில்பத்து வாய்க்கால் கரையில் அன்று விடியற்காலை உட்கார இடமில்லை. மேலத்தெருவுக்கு ஒரு கரை, கீழத்தெருவுக்கு ஒரு கரை என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருந்த ஜனம் கலந்து குந்தியிருந்தது. பென்ஷன் வாங்கும் பிரெஞ்சுப் பிரஜையும், அவர் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் காரைக்கால்மேட்டுக்காரரும் ஒரே கருவேலம்புதருக்குப் பின்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நலம் விசாரித்துக்கொண்டார்கள். மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கேட்டும் வராத சமத்துவம் ஒரே பொழுதில் வந்து சேர்ந்திருந்தது. கொண்டுவந்த புண்ணியவான் இளையபெருமாள். அவரும் பக்கத்துப் புதரில்தான் இருந்தார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் சைகோன் சாமியின் கொட்டகையில் கூட்டம். இளையபெருமாள் சவுண்டு சர்வீஸ் மைக்செட். சாமியின் சீடன் செல்லையன் காதோரம் வந்து, "தீர்த்தம் குடுக்கப் போறோம். எல்லாரையும் வரிசையா வந்து விரலை நீட்டச் சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் இளையபெருமாளின் வாய் வருஷக்கணக்காகக் கோயில் திருவிழாவில் பழகிய வாய். தீர்த்தம் என்று ஒரு சொல் உள்ளே போனால் மிச்சமெல்லாம் தானாக வெளியே வந்துவிடும்.

"பக்தகோடிகள் முண்டியடிக்காமல் வரிசையில் வந்து, தீர்த்தத்தைக் கையில் வாங்கி அருந்தி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

செல்லையன் பதறிக்கொண்டு ஓடி வருவதற்குள் ஜனம் அண்டாவின் மேல் விழுந்துவிட்டது. கையால் அருந்தினார்கள். செம்பால் அருந்தினார்கள். தீர்த்தத்தில் ஒரு வாசனை வீசியது. துளசி இல்லை, பச்சைக் கற்பூரமும் இல்லை. காரைக்காலில் தெருவுக்கு இரண்டு கடையில் விற்கிற சரக்கின் வாசனை காரைக்கால்காரன் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்தவர்கள்தான் மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.

விடிந்தபோது வாய்க்கால் நிரம்பியது.

வேறு ஊராக இருந்தால் சாமியைத் தேடிக்கொண்டு விளக்குமாற்றோடு போயிருப்பார்கள். நம் ஊர் தாம்பாளத்தோடு போயிற்று. ஏனென்றால் அன்று சாயங்காலமே சாமி மைக் முன்னால் வந்து நின்று, "ஏழு தலைமுறையா உங்க ரத்தத்துல ஊறிக் கிடந்த தோஷம் ஒரே ராத்திரியில வெளியேறிடிச்சு. எந்த வழியா வெளியேறினா என்ன?" என்று கேட்டுவிட்டார். ஜனத்துக்கு மெய் சிலிர்த்தது. அடுத்த கூட்டத்துக்கு நிரவியிலிருந்தும் நாகூரிலிருந்தும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வரப்போவதாகப் பேச்சு. சாமி இளையபெருமாளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை வாங்கிப் போர்த்திக்கொண்டார் இளையபெருமாள். மானம் போனாலும் மரியாதையை விடக்கூடாது என்பது மைக்செட்காரரின் தொழில் தர்மம்.

சைகோன் சாமிக்கு ஜடை கிடையாது, காவி கிடையாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மார்பில் ஒரு பிரெஞ்சு மெடல். சைகோனுக்கு அப்பால் ஒரு காட்டில் தவமிருந்து ரத்தத்தைப் படிக்கும் வித்தையைக் கற்றவராம். காரைக்காலில் சைகோன் என்று சொன்னால் போதும். ஊரில் பாதி மாடிவீடு அந்த ஊர்க் காசில் எழுந்தது. காசி என்று சொன்னால்கூட இங்கே ஒருவன் எதிர்க்கேள்வி கேட்பான், சைகோன் என்றால் கேட்க மாட்டான்.

நிஜமாகவே சைகோனில் பட்டாளத்தில் இருந்து வந்த ழூல் ஐயாவிடம் இளையபெருமாள் ஒருமுறை விசாரித்துப் பார்த்தார்.

"சாமி ஓதற மந்திரம் என்னா பாஷைங்க?"

"பிரெஞ்சுதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறான். ஏழுக்கு மேல தெரியல போல, திரும்ப ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கிறான்."

"அப்ப ஆளு பொய்யாங்க?"

ழூல் ஐயா தோளைக் குலுக்கினார். "சைகோன் பெரிய ஊருப்பா. நான் எல்லாரையும் பாத்தேனா?"

இந்த ஊரில் ஒரு கேள்விக்கு நேரான பதில் வாங்குவது, கடற்கரை மணலில் கயிறு திரிப்பது.

சாமியின் வித்தை எளிமையானது. உங்கள் ஆள்காட்டி விரலில் தீர்த்தம் ஒரு சொட்டு. சொட்டு தண்ணீராகவே நின்றால் உங்கள் குலம் சுத்தம். குங்குமமாகச் சிவந்தால் குலரத்தம் பழுது. சாமி மூன்று முறை ஊதுவார், கண்ணெதிரே சிவப்பு வெளுக்கும். ஆனால் திரும்ப வருமாம், அதனால் நீங்களும் திரும்ப வரவேண்டுமாம்.

இதெல்லாம் வேறு யார் வீட்டுக் கதையாகவாவது இருந்திருந்தால் இளையபெருமாளும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். ஆனால் சாமி அவருடைய விரலிலும் ஒரு சொட்டு விட்டிருந்தார்.

இளையபெருமாளுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. உடன்பிறந்தவள் லோகாம்பாள் ஒருத்தி, அவளுடைய பெண் அல்லி, ஒன்பது வயது. மாமனின் இசைத்தட்டுப் பெட்டியைக் குடைந்து, எந்தப் பாட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று உறையைப் பார்க்காமலே சொல்லுகிற பெண். மாசி மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, போகவில்லை. கையிலும் காலிலும் நாவல்பழம் நசுங்கின மாதிரி திட்டுத்திட்டாக வந்தது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள், திடுமென்று வந்து வேகமாக ஏறுகிற வகை. பார்த்த டாக்டர் ழக்லின் காரைக்கால் பெண்தான். மருந்து ஏற்றினார். முடி கொட்டியது, கூடவே காய்ச்சலும் போனது, திட்டுகளும் மறைந்தன. "நல்லாயிடிச்சுன்னு நெனச்சு நிறுத்திடாதீங்க. கெட்ட அணு கண்ணுக்குத் தெரியலையே தவிர உள்ள ஒளிஞ்சிருக்கும். வருஷக்கணக்கா விடாம குடுக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அல்லியின் அப்பா வைத்தியலிங்கம் அரசாங்க உத்தியோகஸ்தர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவர் காதில் 'நல்லாயிடிச்சு' மட்டும் விழுந்தது. கோவில்பத்தில் அவர் வீட்டு வாசல் கம்பத்தில்தான் மச்சானின் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தது. அந்தக் குழாய் பகலெல்லாம் சைகோன் சாமியின் பெருமையைச் சொன்னது. ஒருநாள் குடும்பத்தோடு போனார்.

"தாய்மாமன் வந்திருக்காரா?" என்று கேட்டார் சாமி. "தாய்மாமன் இல்லாம ஒரு காரியமா? தாம்பூலத்தைக் கொண்டாடா."

செல்லையன் தட்டைக் கொண்டுவந்தான். தளிர் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. காதுகுத்து முதல் கல்யாணம் வரைக்கும் முதல் தாம்பூலம் தாய்மாமனுக்கு என்பது நம் வழக்கம். இளையபெருமாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் போட்டுக்கொண்டார். "தாயும் போடணும்" என்றார் சாமி. லோகாம்பாளும் போட்டுக்கொண்டாள். வைத்தியலிங்கம் கையை நீட்டியபோது சாமி தடுத்தார். "நீங்க தட்சணை வைக்கிறவரு. வாய் சுத்தமா இருக்கணும்."

பிறகு சொட்டு விட்டார்கள். வைத்தியலிங்கத்தின் விரலில் தண்ணீர் தண்ணீராக நின்றது. லோகாம்பாளின் விரல் சிவந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவுகிற இளையபெருமாளின் விரல் செக்கச்செவேல் என்று ஆயிற்று.

"தாய்வழி ரத்தம்" என்றார் சாமி. "பழுது அங்கேருந்து வருது. இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க, அது மந்திரத்தோட சண்டை போடும். மாங்கனித் திருவிழாவுக்கு முந்தின நாள் பூசை. அதுவரைக்கும் தாயோ மாமனோ பிள்ளையைத் தொடக்கூடாது."

தட்சணை வைக்கிறவன் குலம் சுத்தம், தாம்பூலம் வாங்குகிறவன் குலம் பழுது. அந்தக் கொட்டகையில் இது ஒருநாளும் மாறியதில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

அல்லிக்கு மருந்து நின்றது. லோகாம்பாள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தினமும் சாயங்காலம் மதிலுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டு வருவாள். இளையபெருமாள் தன் வம்சத்தைத் தோண்ட ஆரம்பித்தார். தாத்தா எல்லை தாண்டிச் சாராயம் கடத்தியவர். பெரியப்பா அடுத்தவன் வரப்பை வெட்டியவர். தான்? ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டும் நேரம் பார்த்து ஒப்பாரித் தட்டைப் போட்டவர். அந்த மாப்பிள்ளை இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், என்றாலும் சாபம் சாபம்தானே?

சாமியிடமே கேட்டார். "யாரு பண்ண பாவம் சாமி?"

"ஏழாவது தலைமுறை."

"பேரு தெரிஞ்சா ஒரு திதி குடுத்துடலாமே?"

"ரத்தத்துக்குப் பேரு கிடையாது."

இப்படி வம்சம் பழுதாகி, வயிறும் பழுதாகி, சால்வை வாங்கிய மறுநாள் காலை கடைத்தெருவில் ஜெகபர் சாதிக்கின் மருந்துக்கடைப் படியேறினார் இளையபெருமாள். ஜெகபர் சாதிக் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்.

"பாய், வயித்தை நிறுத்த ஏதாவது குடுங்க."

"ஊரே நிறுத்தறதுக்குக் கேட்டு வருது. போன வாரம் வரைக்கும் ஒரே ஒருத்தன் ஓட்டறதுக்கு வாங்கிட்டிருந்தான்."

"யாரு?"

"உம்ம சாமியோட ஆளு, செல்லையன். பேதி மாத்திரை. டப்பா டப்பாவா. கொட்டகையில எல்லாருக்கும் மலச்சிக்கல் போலிருக்குன்னு நெனச்சேன். தவம்னா உக்காந்தே கிடக்கணும்ல."

இளையபெருமாள் சிரிக்கவில்லை. அப்படி ஒரு வார்த்தைக்கு அவர் சிரிக்காததைக் கண்டு ஜெகபர் சாதிக் பயந்துபோனார். "என்ன ஓய்?"

இளையபெருமாள் சொன்னார். தாம்பூலம், சொட்டு, சிவப்பு, மூன்று ஊதல் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டே ஜெகபர் சாதிக் ஒரு மாத்திரையை நசுக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, தண்ணீர் கலந்தார்.

"வெத்தல போட்டிருக்கீரா?"

"இப்பத்தான்."

"விரலைக் காட்டும்."

சொட்டு விழுந்தது. சிவந்தது. ஜெகபர் சாதிக் குனிந்து ஊதினார். வெளுத்தது. பிறகு அரை மூடி எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, விரலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்னார். மறுபடி சொட்டு. தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"பினாப்தலீன்" என்றார் ஜெகபர் சாதிக். "பேதி மாத்திரையில இருக்கறது அதுதான். சுண்ணாம்பைக் கண்டா சிவக்கும். மூச்சுக்காத்து பட்டா வெளுக்கும். பத்தாங்கிளாஸ்ல வாத்தியார் கண்ணாடிக் குழாயில ஊதிக் காட்டினாரே, அன்னிக்கு நீரு எங்க போயிருந்தீர்?"

"திருநள்ளாத்துல ஒரு கல்யாணம். மைக் கட்டப் போயிட்டேன்." இளையபெருமாள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பத்தாங்கிளாஸ் தாண்டல பாய். எங்க மாப்பிள்ளை பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியாச்சே."

"அவரு பரீட்சைக்குப் படிச்சிருப்பாரு."

இளையபெருமாள் நேரே வைத்தியலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். வைத்தியலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "மச்சான், சயன்ஸுக்கு அப்பாற்பட்ட விஷயம் எவ்வளவோ இருக்கு" என்றார். பட்டம் வாங்கியவர்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்கிற தெளிவு.

அப்போது அல்லி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். தலையில் மயிர் கோழிக்குஞ்சு போல லேசாக முளைத்திருந்தது. "மாமா, மாங்கனிக்கு எந்தத் தட்டுப் போடப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மதில்மேல் முழங்கையை ஊன்றினாள். முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. புதுசு.

இளையபெருமாள் விரல் விட்டு நாளை எண்ணினார். ஆஸ்பத்திரியில் வரச்சொன்ன நாள் எப்போதோ தாண்டியிருந்தது. இனி மாப்பிள்ளையிடம் பேசிப் பயனில்லை. ஊர் நம்பினால் மாப்பிள்ளை நம்புவார், ஊர் கைவிட்டால் கைவிடுவார். அவருடைய கெமிஸ்ட்ரி அப்படி.

மாங்கனித் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். வருஷத்தில் அந்த ஒரு வாரம் காரைக்காலில் சுண்ணாம்பு அடிக்காத சுவர் இருக்காது. சாமியின் கொட்டகை ஆல்போன்ஸ் ஐயாவின் வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டது. பாரிசிலிருந்து மகன் வருகிறான் என்று முந்தின நாள்தான் அவரும் சுவருக்கு இரண்டு பூச்சு அடித்து முடித்திருந்தார். அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் சாமி உட்கார்ந்திருந்தார். எதிரே நிரவி, நாகூர், காரைக்கால்மேடு, அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம். முன்வரிசையில் வைத்தியலிங்கமும் அல்லியும். பூசைக்குத் தாயும் மாமனும் வரலாம் என்று விலக்கு உண்டு. லோகாம்பாள் ஓரத்தில் நின்றாள். மத்தியானத்திலிருந்து அவள் வெற்றிலை போடவில்லை, இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துத் தீர்த்திருந்தாள்.

செல்லையன் தாம்பூலத் தட்டோடு வந்தான். இளையபெருமாள் மைக்கைக் கையில் எடுத்தார்.

"பக்தகோடிகளுக்கு ஒரு வார்த்தை. தாய்மாமன் மரியாதைன்னு சாமி எனக்கு ஏற்கெனவே ஒரு தாம்பூலம் குடுத்துட்டாரு. ஒரே ஆளு எத்தனை தடவை வாங்கறது? அந்த மரியாதையை இன்னிக்கு எங்க மாப்பிள்ளைக்குக் குடுக்கறேன். மாப்பிள்ளை, மேடைக்கு வாங்க."

அத்தனை பேர் முன்னால் மறுத்தால் மச்சானை அவமதித்ததாகும். வைத்தியலிங்கம் வந்தார். இளையபெருமாளே வெற்றிலையைக் கையில் கொடுத்து, "சுண்ணாம்பு தாராளமா தடவுங்க" என்று உபசரித்தார். சாமி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மைக் இளையபெருமாளிடம் இருந்தது.

"இப்ப விரல்ல சொட்டு விடுங்க சாமி. எல்லாரும் பாக்கறாங்க."

லோகாம்பாளின் விரலில் தண்ணீர் தண்ணீராக நின்றது. வைத்தியலிங்கத்தின் விரல் செக்கச்செவேல் என்று சிவந்தது.

கூட்டத்தில் சலசலப்பு. சாமி கண்ணை மூடித் திறந்தார். "தோஷம் இடம் மாறிடிச்சு" என்றார்.

கூட்டம் "ஆ" என்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஏமாற்றுகிறவனுக்கு ஒரு பதில் தட்டுப்பட்டால் போதும், ஏமாறுகிறவன் அதற்கு நூறு காரணம் தானே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவான்.

"இடம் மாறுதா?" என்றார் இளையபெருமாள். "அப்ப எங்கெங்க மாறியிருக்குன்னு பாத்துடுவோம்."

தீர்த்தச் செம்பை எடுத்தார். அப்படியே சுவரில் வீசினார்.

சுவர் சிவந்தது. ஓரம் ஓரமாக இல்லை, ஒரேயடியாக. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப் போல அந்த வெள்ளைச் சுவர் மளமளவென்று சிவந்து, தரைவரைக்கும் வழிந்தது.

"இந்தச் சுவரோட தாய்மாமன் யாருங்க? எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார் இளையபெருமாள்.

பின்வரிசையிலிருந்து ஆல்போன்ஸ் ஐயா கோபமாக எழுந்தார். "என் வீட்டுச் சுவத்துக்கு ஒரு தோஷமும் கிடையாது. நேத்துத்தான் புதுசா சுண்ணாம்பு அடிச்சேன்."

சொன்னவர் அப்படியே நின்றார். சொன்னது அவர் காதிலேயே விழுந்திருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் மெதுவாகக் குனிந்து தங்கள் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்கள்.

"சுவருக்கும் உயிர் உண்டு" என்றார் சாமி. நாகூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் ஏற்கெனவே சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பினாப்தலீனைச் சொல்லி இந்த ஜனத்தை மீட்க முடியாது என்று இளையபெருமாளுக்குத் தெரிந்தது. மூளைக்குப் போகும் வழி அடைத்திருந்தால் வேறு வழியாகத்தான் போகவேண்டும். அண்டாவிலிருந்து இன்னொரு செம்பு மொண்டார்.

"ஊரே இதைக் குடிச்சுது. நானும் குடிச்சேன். எங்க தோஷமெல்லாம் வாய்க்காலோட போச்சு. நீங்க மட்டும் ஒரு மடக்குக்கூடக் குடிக்கலியே சாமி. குடிங்க."

"இன்னிக்கு நான் விரதம்."

"விரதத்துல தீர்த்தம் குடிக்கலாம்" என்றது பக்தியான ஒரு குரல்.

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கூவுகிற காசியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஏலே, இதுக்குள்ள என்ன கிடக்குன்னு உனக்குத் தெரியும், அதான் குடிக்க மாட்டேங்கிற. மூணு நாளு நான் கடக்கரைக்கும் ஏலத்துக்கும் போகாம கிடந்தேன். குடிய்யா."

சாமி எழுந்தார். செருப்பைத் தேடாமலே ஓடப் பார்த்தார். அதற்கு மேல் நடந்ததை மைக்கில் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. செம்பு காலியானது என்பது மட்டும் நிச்சயம். தள்ளுமுள்ளில் அறுந்து விழுந்த மெடலை ழூல் ஐயா எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். பள்ளிக்கூட சைக்கிள் பந்தயம், இரண்டாம் பரிசு. சாமியின் பெயர் முத்தையன் என்றும், எங்கோ மருந்துக்கடையில் வேலை பார்த்துத் துரத்தப்பட்டவர் என்றும், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே போனதில்லை என்றும் செல்லையனே கக்கினான். அன்று ராத்திரி போலீஸ் நிலையத்தில் முத்தையனை அடைத்து வைத்ததற்கு விடிந்ததும் மிகவும் வருந்தியவர்கள் போலீஸ்காரர்கள்தான். அங்கே கழிப்பறை ஒன்றுதான் உண்டு.

மேடையில் வைத்தியலிங்கம் மட்டும் தனியாக நின்றார். தன் விரலைப் பார்த்தார். மெல்ல ஊதினார். வெளுத்தது. கல்லூரி ஆய்வுக்கூடமும், வரிசையாக நின்ற கண்ணாடிக் குழாய்களும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் முகம் சிவந்தது. அதற்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை.

லோகாம்பாள் யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண், கால் தரையைத் தொட்டுவிடும் போல் இருந்தது. இறக்கவில்லை.

மறுநாள் ஊரே மாங்கனி இறைத்துக்கொண்டிருந்தது. மாடிமாடியாக நின்று ஜனம் வீசிய மாம்பழத்தில் ஒன்று இளையபெருமாளின் நெற்றியில் பட்டு மடியில் விழுந்தது. அதோடு அவர்கள் நாலு பேரும் புதுச்சேரி பஸ் ஏறினார்கள்.

டாக்டர் ழக்லின் முதலில் கத்தினார். வைத்தியலிங்கம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு அல்லியின் கையில் ஊசி ஏறியது, பாட்டிலில் மருந்து சொட்டியது. மாம்பழத்தை வாங்கிப் பார்த்து, "வெந்நீர்ல நல்லா கழுவி, தோலைச் சீவிக் குடுங்க" என்று அனுமதித்தார். லோகாம்பாள் கழுவப் போனாள்.

வார்டு வாசலில் இளையபெருமாள் டாக்டரை மறித்தார். "டாக்டரம்மா, ஒரே ஒரு சந்தேகம். எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்தரும் நேரா சொல்லல. விரல் சிவந்தது பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நோய் நெசம். அது எங்க வம்சத்துலேருந்து வந்துதா?"

டாக்டர் அவரையும் அவர் சால்வையையும் பார்த்தார். அவசரமாகப் போக வேண்டியவர், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே மைக்செட் மாமா? பெட்டி நிறைய தட்டு வெச்சிருக்கீங்களாம், அல்லி சொன்னா. நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் அப்படி ஒரு பெட்டி இருக்கு. எல்லா அணுவுலயும் அதே பெட்டி, அதே தட்டுங்க. ஆனா எல்லாத்தையும் எல்லா இடத்துலயும் போடறதில்ல. கண்ணுல ஒரு தட்டு ஓடும், ஈரல்ல வேற தட்டு ஓடும்."

"கல்யாண வீட்டுக்கு ஒண்ணு, சாவு வீட்டுக்கு ஒண்ணு."

"நீங்க ஒருவாட்டி மாத்திப் போட்டீங்களாமே." டாக்டர் சிரிக்காமல்தான் சொன்னார். "எலும்புக்குள்ள மஜ்ஜையில ரத்தம் ஊறற இடத்துல, 'பெருகு, முத்தினதும் நிறுத்து'ன்னு ஒரு தட்டு ஓடணும். ஒரு அணு ரெண்டாப் பிரியும்போது பெட்டியையும் நகலெடுக்கும். அப்ப ஒரு தட்டுல கீறல் விழுந்துடிச்சு. முள்ளு அங்கேயே நின்னு சுத்துது. பெருகு, பெருகு, பெருகு. 'நிறுத்து'ங்கற இடத்துக்குப் போகவே மாட்டேங்குது. சில பேருக்குத் தட்டு நல்லாவே இருக்கும், சத்தத்தை ஏத்தற திருகு மட்டும் எக்கச்சக்கமா திரும்பியிருக்கும். அதுவும் இதே நோயில கொண்டுவந்து விடும்."

இளையபெருமாள் யோசித்தார். தட்டு விஷயத்தில் அவருக்கு ஒரே கேள்விதான் முக்கியம். எந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனாலும் கடைக்காரன் முதலில் கேட்கிற கேள்வி அது.

"அந்தக் கீறல் வாங்கும்போதே இருந்ததா? இல்ல, ஓடும்போது விழுந்ததா?"

"ஓடும்போது விழுந்தது" என்றார் டாக்டர். "அவ மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்து பம்பாய்க்கு அனுப்பிப் பாத்தோம். அதுல இருக்கற கெட்ட அணுவுல ரெண்டு தட்டு உடைஞ்சு, துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கு. நல்ல அணுவுல அது இல்ல. உங்க தங்கச்சி குடுத்ததும் இல்ல, அவங்க வீட்டுக்காரர் குடுத்ததும் இல்ல. உங்க தாத்தா, முப்பாட்டன் யாருக்கும் இதுல பங்கு கிடையாது."

இளையபெருமாள் ஏழு தலைமுறையை அந்த பெஞ்சில் இறக்கி வைத்தார். பிறகு சால்வையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமி கொடுத்ததில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான்.

"அப்ப எதுக்கு இவளுக்கு விழுந்துது? எத்தனையோ பிள்ளைங்க இருக்கே."

"தெரியாது."

அந்தச் சொல்லை அவர் இதற்கு முன் ஒரு சாமி வாயிலும் கேட்டதில்லை. சாமிகளுக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் அங்கே அவ்வளவு கூட்டம். உள்ளே அல்லி, மாம்பழத்தை முழுசாகவே தரவேண்டும் என்று அம்மாவிடம் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.

"பிழைச்சிடுவாளா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

டாக்டர் ழக்லின் எழுந்து நின்றார். "இந்த மாதிரி பிள்ளைங்கள்ல, மருந்தை விடாம குடுத்தா பாதிப் பேரு பிழைக்கிறாங்க. அல்லி எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. நடுவுல ஒரேயடியா நிறுத்தினவங்க யாரும் பிழைச்சதில்ல. அது எனக்கு நல்லாத் தெரியும். ஊருக்குப் போனதும் இதை உங்க மைக்குல சொல்லுங்க. சால்வை போர்த்த ஒருத்தரும் வர மாட்டாங்க. இருந்தாலும் சொல்லுங்க."